குட்டையில கெண்டையா, ஜிலேபியா, விராலா? குஞ்சு எப்படிப் பொறக்குதுன்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க

அரை ஏக்கர்ல பண்ணைக்குட்டை வெட்டியாச்சு, தண்ணியும் நிக்குது, அடுத்து என்ன மீன் விடலாம்னு யோசிக்கிற எல்லாருமே முதல்ல விசாரிக்கிறது கிலோ என்ன விலைக்குப் போகும்னுதான். விலை முக்கியம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா நான் முதல்ல பார்க்கச் சொல்றது அந்த மீன் எப்படி இனப்பெருக்கம் பண்ணுதுங்குறத. குஞ்சு வருசம் பூரா கிடைக்குமா இல்ல மூணு மாசம்தானா, உங்க குட்டைக்குள்ளயே தானா பெருகிடுமா, பெருகினா வளர்ச்சி என்ன ஆகும், மழைக்குக் கரை வழிஞ்சு நாலு மீன் வாய்க்காலுக்குப் போனா அந்த ஆத்துக்கு என்ன ஆகும், இதெல்லாமே அதுலதான் அடங்கியிருக்கு. நம்ம ஊர்ல பெரும்பாலும் யோசிக்கிறது கட்லா-ரோகு-மிர்கால் கூட்டு, கிஃப்ட் ஜிலேபி, விரால், இந்த மூணுதான், அதனால இந்த மூணையும் இந்தக் கண்ணோட பார்ப்போம்.

முதல்ல கெண்டை வகை. கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீன், காவேரிக்கு இதுங்க தானா நீந்தி வரல, கொண்டுவந்து விட்டதுதான். இதுங்க ஓடுற தண்ணி மீன். தென்மேற்குப் பருவமழைல ஆத்துல புதுவெள்ளம் வந்து கரையோரத் தாழ்வுல பரவும்போதுதான் முட்டை விடும். நிக்குற தண்ணில ரெண்டு வயசு ஆனாலும், வயிறு பெருத்து சினை புடிச்சாலும், முட்டை வெளிய வராது. முட்டை கடைசிக்கு முந்தின கட்டம் வரைக்கும் வளர்ந்து அங்கயே நின்னுடும், வெள்ளத்தோட அறிகுறி வரலைன்னா உடம்பு அதைத் திரும்ப உறிஞ்சிக்கும். ஏன்னா மூளைலேர்ந்து பிட்யூட்டரிக்கு, அதாவது மூளைக்கு அடியில இருக்குற சின்ன சுரப்பிக்கு, ஒரு உத்தரவு போகணும், பிட்யூட்டரி ஹார்மோன் விட்டாத்தான் சினைப்பை அடுத்த கட்டத்துக்குப் போகும், அந்த உத்தரவுக்கு டோபமைன்ங்குற மூளை ரசாயனம் ஒரு பிரேக் மாதிரி நிக்குது.

இதனாலதான் 1957க்கு முன்னாடி கெண்டைக் குஞ்சுன்னா பெரும்பாலும் வெள்ளக்காலத்துல கங்கை மாதிரி ஆத்துல வலை கட்டிப் புடிச்சதுதான், அதுல நமக்கு வேணுங்குற மீனும் இருக்கும், அதைத் திங்குற மீனும் இருக்கும், பிரிக்கவே முடியாது. 1957 ஜூலை 10ஆம் தேதி ஒடிசால மீன் விஞ்ஞானிகள் ஹீராலால் சவுத்ரியும் அலிகுன்ஹியும் பிட்யூட்டரிச் சாறு ஊசி போட்டு இந்தக் கெண்டைகளை குட்டையிலயே முட்டை விட வச்சாங்க. ஜூலை 10ஐ தேசிய மீன் விவசாயிகள் தினமா கொண்டாடுறது அதுக்காகத்தான். அந்தச் சாறு எடுக்க இன்னொரு முதிர்ந்த மீனோட மண்டையைத் திறந்து கடுகு அளவு சுரப்பியை எடுத்து ஆல்கஹால்ல போட்டு வச்சு, வேணுங்கும்போது அரைச்சு ஊசி போடணும், ஒரு சுரப்பிக்கும் இன்னொண்ணுக்கும் வீரியம் ஒரே மாதிரி இருக்காது, பொண்ணு மீனுக்கு ரெண்டு ஊசி வேற. இப்போ ஓவாப்ரிம் மாதிரி மருந்து வந்தப்புறம் ஒரே ஊசி போதும், அதுல மூளை தர்ற உத்தரவோட செயற்கை வடிவமும் இருக்கு, டோபமைன் பிரேக்கை விடுவிக்குற டோம்பெரிடோனும் இருக்கு. மீன் வகையைப் பொறுத்து கிலோவுக்கு பொண்ணுக்கு அரை மில்லிக்குள்ள, ஆணுக்கு அதை விடக் கம்மி, அவ்வளவுதான்.

பொரிப்பகத்துல இதை ஒரு தடவையாவது நேர்ல பாருங்க, நான் எல்லாருக்கும் சொல்றது இது. சாயங்காலம் தாய் மீனைப் புடிக்கும்போது வயித்தை மெதுவா தொட்டுப் பார்ப்பாங்க, பஞ்சு மாதிரி இருக்கணும், ஆண் மீனோட மார்புத் துடுப்பைத் தடவினா சொரசொரன்னு இருக்கும், வயித்தை லேசா அமுக்கினா பால், அதாவது விந்து, வெள்ளையா வரும். ஊசி போட்டு வட்டத்தொட்டில விட்டுத் தண்ணியைச் சுத்த விட்டுடுவாங்க, நாலஞ்சு மணி நேரத்துல இருட்டுக்குள்ள தொட்டி பூரா தடதடன்னு சத்தம் கேக்க ஆரம்பிக்கும், கொஞ்ச நேரத்துல தண்ணில கண்ணாடி மணியா முட்டை சுத்திட்டு இருக்கும். முட்டை விடும்போது சின்னதாத்தான் இருக்கும், தண்ணி குடிச்சு பல மடங்கு ஊதிக்கும். பதினாலு பதினெட்டு மணி நேரத்துல குஞ்சு வந்துடும். ஒரு கிலோ ரோகு ரெண்டு லட்சத்துக்கு மேலயே முட்டை விடும், கெண்டைக் குஞ்சு இவ்வளவு மலிவா கிடைக்கிறது இதனாலதான்.

ஆனா மலிவுலதான் சிக்கலும் இருக்கு. ரெண்டு மூணு தாய் மீன் போதும் லட்சக்கணக்குல குஞ்சு எடுக்க, அதனால நிறைய இடத்துல கொஞ்சூண்டு தாய் மீனை வச்சே வருசா வருசம் ஓட்டுறாங்க, அந்தக் குஞ்சுலேர்ந்தே அடுத்த தாய் மீனையும் எடுக்குறாங்க. நல்லா வளர்ந்த மீனு சந்தைக்குப் போயிடும், மிச்சம் இருக்குற நோஞ்சான்தான் தாய் மீன் ஆகும். அண்ணன் தங்கச்சிக்குள்ளயே கலந்து கலந்து வளர்ச்சி குறையும், நோய் தாங்காது, கோணல் முதுகு வரும். இன்னொண்ணு, கட்லாவையும் ரோகுவையும் ஒரே தொட்டில ஒரே ராத்திரி ஊசி போட்டு விட்டா பால் கலந்து கலப்புக் குஞ்சு பொறக்கும், கட்லாத் தலையும் ரோகு உடம்புமா வரும், அது கட்லா தீவனத்தையும் சரியா எடுக்காது, ரோகு தீவனத்தையும் சரியா எடுக்காது. அதனால குஞ்சு வாங்குற இடத்துல விலை கேக்குறதுக்கு முன்னாடி தாய் மீன் எத்தனை வச்சிருக்கீங்க, எங்கேர்ந்து எடுத்தீங்க, கடைசியா எப்போ மாத்தினீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்குற இடத்துல வாங்காதீங்க. புவனேஸ்வர்ல இருக்குற மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் பல தலைமுறை தேர்வு பண்ணி 1997ல வெளியிட்ட ஜெயந்தி ரோகு இருக்கு, ஒரு தலைமுறைக்குச் சராசரி 17 சதவீதம் வளர்ச்சி கூடினதா கணக்கு காட்டினாங்க, பல ஆத்துத் தாய் மீன்களை வச்சு ஆரம்பிச்சு, சொந்தத்துக்குள்ள கலக்காம, கவனமா பண்ணினதால வந்த பலன் அது. அந்த வம்சாவளிக் குஞ்சு கிடைச்சா கொஞ்சம் கூடக் குடுத்தாலும் நஷ்டம் இல்ல.

குட்டைக்காரங்களுக்கு கெண்டையோட பெரிய நல்லது என்னன்னா, ஆயிரம் விட்டா ஆயிரத்துக்கு மேல போகாது. உங்க குட்டையில அது முட்டை விடாது, தீவனம் பூரா சதையா மாறும். பெரிய இடைஞ்சல் காலம். குஞ்சு ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும்தான் தாராளமா வரும், நம்ம குட்டை நிறைய ஊர்ல நிரம்புறதோ ஐப்பசி கார்த்திகை மழைக்கு. அப்போ போய் நுண்குஞ்சு, அதாவது பொரிஞ்சு சில நாளே ஆன குஞ்சு, கிடைக்குமான்னு கேட்டா கிடைக்காது, கிடைச்சாலும் விடாதீங்க, அது விரலி, அதாவது விரல் நீளக் குஞ்சு, ஆகவே ரெண்டு மாசம் ஆகும், பங்குனி சித்திரைல தண்ணி வத்தும்போது உள்ளங்கை அளவு மீன்தான் இருக்கும். இதுக்கு ஆந்திராக்காரங்க பண்றது நல்ல வழி, குஞ்சை நெருக்கமா வச்சு தீவனத்தைக் குறைச்சு ஒரு வருசம் வளர விடாம சின்னதாவே நிறுத்தி வைப்பாங்க, அப்புறம் இடம் குடுத்து தீவனம் குடுத்தா விட்டதைப் புடிக்கிற வேகத்துல வளரும். ஆறு மாசத் தண்ணிக்கு இந்த நிறுத்தின விரலிதான் சரி. மேட்டூர், பவானிசாகர், தஞ்சாவூர் கரந்தைன்னு அரசு மீன் பண்ணைகள்ல முன்கூட்டியே சொல்லி வச்சா விரலி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இப்போ ஜிலேபிக்கு வருவோம், இதுல கதை அப்படியே தலைகீழ். கெண்டை முட்டையே விடாதுங்குறதுதான் பிரச்சனை, ஜிலேபி முட்டை விடுறதை நிறுத்தவே மாட்டேங்குறதுதான் பிரச்சனை. ஆண் மீன் தரையில வாயாலயே குழி பறிச்சு இடம் புடிக்கும், பொண்ணு அதுல முட்டை விட்டு உடனே வாய்க்குள்ள எடுத்துக்கும், குஞ்சு நீந்துற வரைக்கும் வாயிலயே அடைகாக்கும், அந்த நாளெல்லாம் சரியா சாப்பிடவும் செய்யாது. ஒரு தடவைக்கு சில நூறு முட்டைதான், ரோகு கணக்கோட பார்த்தா ஒண்ணுமே இல்ல, ஆனா வாயில பாதுகாப்பா இருக்குறதால பெரும்பாலும் பொழைச்சுக்கும். தண்ணி வெதுவெதுன்னு இருந்தா நாலாறு வாரத்துக்கு ஒரு தடவை, வருசம் பூரா. நெருக்கடில மூணு மாசக் குட்டி மீனே சினை புடிச்சுடும். 1952ல இலங்கைலேர்ந்து மொசாம்பிக் ஜிலேபியைக் கொண்டுவந்தாங்க, ஏழைக்குப் புரதம்னு நல்ல எண்ணத்துலதான் கொண்டுவந்தாங்க, இன்னைக்கு தமிழ்நாட்டுல அது இல்லாத குளம் குட்டை ஏரியைத் தேடணும், அமராவதி அணை மாதிரி இடத்துல வலைல வர்றதுல அதுதான் மேல. உள்ளங்கை அளவு வந்ததுமே வளர்ச்சி நின்னு, குட்டி போட்டுட்டே இருக்கும். குட்டையில அதை விட்டவங்க ஆறு மாசம் கழிச்சு டன் கணக்குல பொடி மீன் புடிச்சு கருவாட்டுக்குக் கூட விலை போகாம நின்னதை நான் பார்த்திருக்கேன்.

கிஃப்ட் வேற மீன். நைல் ஜிலேபியை நாலு ஆப்பிரிக்க நாட்டு ஆத்து மீனும் ஆசியாவுல வளர்த்துட்டு இருந்த வகைகளும் கலந்து, பிலிப்பைன்ஸ்ல 1988ல ஆரம்பிச்சு தேர்வு பண்ணி உருவாக்கினது. நம்ம பக்கத்துல ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் விஜயவாடா பக்கம் மணிகொண்டால இதை வளர்த்துக் குஞ்சு குடுக்குது. வளர்ச்சி உண்மையிலயே நல்லா இருக்கும், ஆனா பெருகுற புத்தி அதேதான். அதனால எல்லாம் ஆணா மாத்தித்தான் விக்குறாங்க. ஆண் வேகமா வளரும், அடைகாக்குற பட்டினி கிடையாது, பொண்ணே இல்லன்னா குட்டிக்கும் வழி இல்ல.

ஆணா மாத்துறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, வாயை விட்டு வெளிய வந்து இரை எடுக்க ஆரம்பிக்கிற முதல் நாள்லேர்ந்து சுமார் 21 நாள் மெத்தில் டெஸ்டோஸ்டிரோன்ங்குற ஆண் ஹார்மோன் கலந்த தீவனம், கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம். அந்த வயசுல மீனோட இனப்பெருக்க உறுப்பு ஆணாவா பொண்ணாவான்னு இன்னும் முடிவு ஆகல, ஹார்மோன் அந்த முடிவை ஆண் பக்கம் தள்ளிடுது. சாப்பிடுறவங்களுக்கு ஆபத்தான்னு கேக்குறாங்க, குஞ்சுல குடுத்த ஹார்மோன் நிறுத்தின கொஞ்ச வாரத்துலயே உடம்பை விட்டுப் போயிடுது, மீன் தட்டுக்கு வர்றது அஞ்சாறு மாசம் கழிச்சு, அதனால சாப்பிடுறவங்களைப் பத்தி எனக்குப் பயம் இல்ல. எனக்கு இருக்குற கவலை தீவனம் கலக்குறவங்களோட கையும், பொரிப்பகத்துலேர்ந்து வெளிய போற தண்ணியும். கையுறை இல்லாம, முகமூடி இல்லாம அந்தத் தீவனத்தைப் பிசையுறதை அனுமதிக்கவே கூடாது, அந்தத் தண்ணி நேரா வாய்க்காலுக்குப் போகவும் கூடாது.

ரெண்டாவது வழி ஒய்ஒய் சூப்பர் ஆண். ஜிலேபில பாலினத்தை முடிவு பண்ற குரோமோசோம் சோடி ஆணுக்கு எக்ஸ்ஒய், பொண்ணுக்கு எக்ஸ்எக்ஸ். முதல்ல சில ஆண் குஞ்சுகளை பெண் ஹார்மோன் குடுத்து பொண்ணா மாத்தி, அதை சாதா ஆணோட சேர்த்தா பொறக்குறதுல நாலுல ஒண்ணு ஒய்ஒய். அந்த ஒய்ஒய் எதுன்னு பார்த்தாத் தெரியாது, ஒவ்வொண்ணையும் சேர்த்து வச்சு அதுக்குப் பொறக்குற குஞ்சு எல்லாம் ஆணான்னு பார்த்துத்தான் கண்டுபுடிக்கணும், வருசக்கணக்கு வேலை. ஆனா கிடைச்சுட்டா, அதை சாதா பொண்ணோட சேர்த்தா பொறக்குறது ஏறக்குறைய எல்லாமே ஆண், நீங்க வாங்குற குஞ்சு ஹார்மோனையே பார்த்திருக்காது. எனக்குப் பிடிச்சது இதுதான், ஆனா நம்ம ஊர்ல கைக்கு எட்டுறது பெரும்பாலும் முதல் வழிக் குஞ்சுதான்.

இங்க ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. ஹார்மோன் வேலை நல்லா நடந்து 97 சதவீதம் ஆண்னு வைங்க, நீங்க 3000 விடுறீங்க. 90 பொண்ணு உள்ள இருக்கு. அதுங்க போதும். அஞ்சு மாசத்துல அறுவடை பண்ணி குட்டையை முழுசா வடிச்சு காய விட்டா பரவாயில்ல, ஆனா தண்ணி வடிக்க வழி இல்லாத குட்டையிலயோ, மழைக்கு நிரம்பி வாய்க்கால் வழியா கண்மாய்க்குப் போற குட்டையிலயோ இது வேணவே வேணாம்னு நான் உறுதியா சொல்றேன். தப்பிச்ச நைல் ஜிலேபி கங்கை, யமுனைலயே பெருகிக் கிடக்கு, அங்க பாரம்பரிய மீன் புடிக்கிறவங்க வலைல நாட்டு மீன் குறைஞ்சதுல அதுக்கும் பங்கு இருக்கு. அனுமதி வாங்கின பொரிப்பகத்துக் குஞ்சு, பண்ணைப் பதிவு, வெளிய போற தண்ணிக்கு வலைத் தடுப்புன்னு விதி போட்டிருக்குறது சும்மா இல்ல. விதைக்கு அலைய வேணாம், வருசம் பூரா குஞ்சு கிடைக்கும், அஞ்சு மாசத்துல காசுங்குறது எல்லாம் உண்மை, ஆனா அது கட்டி வச்ச தொட்டிக்கும் முழுசா வடிக்கக்கூடிய குட்டைக்கும்தான்.

விரால், இதைப் பத்தி பேச எனக்கு ரொம்பப் பிடிக்கும். நம்ம ஊர் மீன், நம்ம கண்மாய்க்கே சொந்தம், தெலங்கானாக்காரங்க கொர்ரமீனுன்னு மாநில மீனாவே வச்சிருக்காங்க. தப்பிச்சுப் போனாலும் ஊருக்கு வேத்து மீன் ஆகாது. சந்தைல உயிரோட வித்தா மத்த ரெண்டையும் விட நல்ல விலை. காத்தை நேரடியா சுவாசிக்கும், தண்ணி கம்மியானாலும் தாங்கும். அப்போ இதையே விடலாமேன்னா, இடைஞ்சல் எல்லாம் குஞ்சுலதான்.

விரால் சோடி சோடியா சேரும். பாசியும் கோரையும் மண்டின ஆழம் கம்மியான ஓரத்துல செடியை விலக்கி வட்டமா ஒரு இடம் பண்ணி அதுல முட்டை விடும், முட்டை மிதக்கும், ஒரு நாளைக்கு மேல கொஞ்சத்துல பொரிஞ்சுடும். அப்புறம்தான் அதிசயம், அப்பனும் ஆத்தாளும் குஞ்சுக் கூட்டத்துக்கு அடியில சுத்திச் சுத்திக் காவல் நிக்கும், செக்கச்செவேல்னு குஞ்சு ஆயிரக்கணக்குல ஒண்ணா மேல வந்து காத்து குடிச்சுட்டு ஒண்ணா இறங்கும், பக்கத்துல கை விட்டா பெரிய மீன் பாஞ்சு வரும். இந்தச் செவப்புக் கூட்டத்தைத்தான் வலை போட்டு அள்ளி விதைன்னு விக்குறாங்க. அதைவிட மோசம், காவல் நிக்குற மீன் ஓடாதுன்னு தெரிஞ்சு தவளை மாட்டின தூண்டிலை அந்தக் கூட்டத்து மேலயே போட்டு அப்பன் ஆத்தாளைப் புடிக்குறது. ரெண்டும் போயிட்டா ஒரு மணி நேரத்துல மத்த மீனெல்லாம் சேர்ந்து கூட்டம் பூராத்தையும் தின்னு தீர்த்துடும். ஒரு கிலோ மீனுக்காக ஒரு கண்மாயோட அடுத்த வருச விராலே போகுது.

அதனால விரால் விடுறதா இருந்தா கேக்க வேண்டிய ஒரே கேள்வி, குஞ்சு கண்மாயில அள்ளினதா பண்ணையில பொரிச்சதா. அள்ளினது மலிவா இருக்கும், ஆனா புடிச்சுட்டு வர்றப்பவே அடிபட்டு செத்துட்டே இருக்கும், எல்லாம் வேற வேற அளவு, விரால் தன் தம்பியையே முழுங்குற மீன், கொஞ்சம் பெருசா இருக்குறது சின்னதை தின்னு பாதிக் கணக்கு காணாமப் போயிடும். பண்ணையில பொரிக்கிறது முடியாத காரியம் இல்ல, பாளையங்கோட்டை சேவியர் கல்லூரில பேராசிரியர் ஹனிஃபாவும் அவர் கூட இருந்தவங்களும் விரால் இனப்பெருக்கத்தை வருசக்கணக்கா ஆராய்ச்சி பண்ணி, ஓவாப்ரிம் ஊசிக்கும் விரால் முட்டை விடும்னு காட்டிட்டாங்க. சிமெண்ட் தொட்டிலயோ குட்டைல கட்டின ஹாப்பாங்குற பெட்டி வலைக்குள்ளயோ ஆகாயத்தாமரையும் வேலம்பாசியும் போட்டு ஒரு சோடியை விட்டா போதும். ஊசியே போடாம, சின்னக் குட்டையில சோடியை விட்டு மழைக்காலத்துல தானா கூடு கட்ட விடுறவங்களும் இருக்காங்க, குஞ்சு குறைவா வரும், எப்போ வரும்னு சொல்ல முடியாது, ஆனா தாய் மீனுக்கு அடி படாது, சின்ன விவசாயிக்கு இது நல்லா ஒத்து வரும்னு நான் நினைக்கிறேன். சிரமம் பொரிக்கிறதுல இல்ல, அதுக்கு அப்புறம். உயிர் இரை தின்னுட்டு இருக்குற குஞ்சை மெதுவா குருணைத் தீவனத்துக்குப் பழக்கணும், அளவு பிரிச்சுப் பிரிச்சு மாத்தி விடணும். இந்த வேலையை முடிச்சுக் குடுக்குற பண்ணை, ஒரு குஞ்சுக்கு பல மடங்கு விலை சொன்னாலும் அது நியாயமான விலைதான்.

ஆத்துல குஞ்சு விடுற விசயத்தையும் இங்க சொல்லியாகணும், ஏன்னா பொரிப்பகம்னாலே இயற்கைக்கு நல்லதுன்னு ஒரு நெனப்பு இருக்கு. மஹ்சீர்ங்குறது ஆத்துல வாழுற பெரிய கெண்டை வகை, அதுல காவேரிக்கே சொந்தமானது ஒண்ணு இருக்கு, முதுகு கூன் விழுந்த மாதிரி திமிலோட, உலகத்துலயே பெரிய மஹ்சீர்கள்ல ஒண்ணு. மஹாராஷ்டிரால லோனாவாலா பொரிப்பகத்துல வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீரை காவேரில பல வருசம் விட்டாங்க, மீன் பெருகட்டும்னுதான் விட்டாங்க, அது பெருகுச்சு, சொந்த மீன் ஏறக்குறைய காணாமப் போச்சு. 2018லதான் அந்தச் சொந்த மீனுக்கு டோர் ரேமாதேவின்னு அறிவியல் பேரே உறுதி ஆச்சு, அதே வருசம் அழியும் ஆபத்து மிக அதிகம்னு பட்டியல்ல ஏறிடுச்சு. பக்கத்துல மோயாறுல அது இன்னும் இருக்குறது நமக்குக் கிடைச்ச பாக்கியம். ஊர்க்காரங்க சேர்ந்து ஏரில குஞ்சு விடலாம்னு நினைச்சா, அந்த ஆத்துப் படுகைக்கே சொந்தமான மீனா, பல தாய் மீன்லேர்ந்து வந்ததான்னு பார்த்துட்டு விடுங்க, காவேரிப் பக்கம்னா கருமுழிக் கெண்டை மாதிரி மீனுக்குக் குஞ்சு கேட்டு நச்சரிச்சாத்தான் பொரிப்பகக்காரங்களும் அதைப் பத்தி யோசிப்பாங்க. புதுவெள்ளத்துல மடை ஏறி வர்ற சினை மீனைத் தூரிங்குற பொறி வச்சுப் புடிக்குறதை அந்த ரெண்டு வாரம் நிறுத்தினாலே, எந்தச் செலவும் இல்லாம லட்சக்கணக்கான குஞ்சு வரும்.

சரி, உங்க குட்டைக்கு வருவோம். தண்ணி பத்து மாசம் நிக்கும், தவிடும் கடலைப்புண்ணாக்கும் போட்டு சாதாரணமா பார்த்துக்கப் போறீங்கன்னா கெண்டைக் கூட்டுதான், வேற யோசனையே வேணாம். ஆறு மாசத் தண்ணி, குட்டை ஆத்துக்கோ கண்மாய்க்கோ வழியும்னாலும் கெண்டையேதான், ஆனா நிறுத்தி வச்ச விரலியா வாங்குங்க. ஆறு மாசத் தண்ணி, ஆனா கரை உயரம், முழுசா வடிக்க மடை இருக்கு, சுத்துல ஓடை இல்ல, பதிவும் பண்ணத் தயார்னா கிஃப்ட் விடலாம், அதுல ரெண்டு மாசம் கழிச்சு ஜிலேபியை விடச் சின்னதா கொஞ்சம் விரால் விரலியைச் சேர்த்து விடுங்க, தப்பிப் பொறக்குற ஜிலேபிப் பொடியெல்லாம் விராலுக்கு இரையாயிடும், பெரிய ஜிலேபியை அதால ஒண்ணும் பண்ண முடியாது, கடைசில ரெண்டு மீனும் விலை போகும். தனி விரால் பண்றது தினமும் குட்டைப் பக்கம் இருக்குறவங்களுக்கும், தீவனத்துக்கு முன்பணம் போட முடியுறவங்களுக்கும் மட்டும்தான், அதையும் முதல் வருசம் ஒரு சின்னத் தொட்டில பழகிட்டு பெருசா போங்க. ஆப்பிரிக்கக் கெளுத்தி குஞ்சு மலிவா தர்றேன்னு யாராவது வந்தா வாங்காதீங்க, அது தடை பண்ணின மீன், தப்பிச்சா கண்மாயில ஒண்ணையும் விட்டு வைக்காது.

கெண்டை விரலி வேணும்னா ஆனிலயே சொல்லி வச்சுடுங்க, ஐப்பசில போய் நின்னா மிச்சம் மீதிதான் கிடைக்கும். குஞ்சு வந்ததும் பையோட குட்டைத் தண்ணில கால் மணி நேரம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா குட்டைத் தண்ணியைப் பைக்குள்ள விட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி திறந்து விடுங்க.